சூசையப்பரின்ரை எண்ணெய்

பேரின்பநாதன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, குசினிக்குள்ளிருந்து ஞானாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, கண் டொக்டரிட்டைத்தானே போறியள்?”

“ஓம்.”

“எண்ணெய் முடிஞ்சுபோச்சு. வரேக்கை ஒண்டு வாங்கிக்கொண்டு வருவியளோ?”

“ஓம், வாங்கிறன்.”

அவள் அகப்பையோடு வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உண்மையாவோ?”

“ஏன், எனக்கு எண்ணெய் வாங்கத் தெரியாதெண்டு நினைச்சீரோ?”

“அதில்லை. ஒரு நக்கல் கதையும் இல்லாமல் ஓம் எண்டிறியள், அதுதான்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “மேலை ஏறிப்போடாதேங்கோ, காலுக்குக் கூடாது. கீழையே வைச்சிருக்கினம்.”

“தெரியும், தெரியும்.”

அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இருந்துவந்த வருத்தம் அதுதான், மருந்தில்லாத நோய். புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் ஓய்வு பெறும்வரை சாமான் அடுக்கியவர் அவர். பாரமானவை கீழ்த்தட்டில், பாரமில்லாதவை மேல்தட்டில் என்பது அவரைப் பொறுத்தவரை உலகம் நடக்கும் ஒழுங்கு. எண்ணெய்த் தகரம் பாரமான சாமான். ஆகவே கடையில் அதைக் கீழ்த்தட்டில்தான் வைத்திருப்பார்கள். முக்காலியில் ஏறி மேலே தேடத் தேவையில்லை. அவள் சொன்னதற்கு வேறு பொருள் இருக்கலாம் என்ற எண்ணம், படியிறங்கிப் போனபோது அவருக்கு ஒருதரமும் வரவில்லை.

கண் டொக்டரின் இடம் குயின் மேரி வீதியில் இருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தால், வீதியின் மறுபக்கம், மலைச்சரிவில் சூசையப்பர் பசிலிக்கா, கத்தோலிக்கரின் பெரிய கோவில். கண்ணில் விட்டிருந்த மருந்தினால் அதன் பச்சைக் கூரை வழக்கத்தைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிந்தது. பேரின்பநாதன் அதைப் பார்த்து வழக்கமாகச் சிரிக்கும் அந்தக் கோணல் சிரிப்பைச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. ஞானாம்பிகை புதன்கிழமை தவறாமல் அங்கே போவாள், தன் சிநேகிதி அக்னெஸுடன். இருவரும் வந்த புதிதில் ஒரே தையல் ஆலையில் அடுத்தடுத்த மெஷினில் இருந்தவர்கள். அக்னெஸ் குருநகர்க் கத்தோலிக்கப் பெண். அவள் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளிக்கிழமை முருகன் கோவிலுக்குப் போகிற தன் மனைவி புதன்கிழமை சூசையப்பரிடம் போவதுதான் அவருக்குக் கணக்கில் ஒத்துவரவில்லை.

“ஏன், முருகன் லீவிலை நிக்கிறாரோ?” என்று கேட்பார்.

“முருகனுக்கு வெள்ளிக்கிழமைதான் வேலை. புதன் இவர்,” என்பாள் அவள், கொழுவியிலிருந்து ஜக்கெற்றை எடுத்தபடி.

அன்றும் ஒரு புதன்கிழமைதான். அக்னெஸ் ரொறன்ரோவில் மகள் அஞ்சலீனாவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். ஞானாம்பிகைக்கும் காலையிலிருந்து தலை சுற்றியபடி இருந்தது. அவர் பசிலிக்காவுக்கு முதுகைக் காட்டி, பஸ் எடுத்து, விக்டோரியா வீதித் தமிழ்க்கடைக்குப் போனார். எண்ணெய் கீழ்த்தட்டில்தான் இருந்தது. பார்த்ததும் அவருக்குத் தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. சின்னத் தகரமும் இருந்தது, பெரிய தகரமும் இருந்தது. எத்தனை நாளைக்குத்தான் எண்ணெய் எண்ணெய் என்று கேட்பாள் என்று, நல்லெண்ணெய்யில் இருந்ததிலேயே பெரிய தகரத்தைத் தூக்கினார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தாள். தேத்தண்ணியைச் சோசரால் மூடி வைத்திருந்தாள். அவருக்குரிய கோப்பை அது. மேசையில் தலையைச் சாய்த்திருந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்து, மெல்ல நடந்து, தகரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். எழுப்பக் கூடாது என்று சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதயம் என்றார்கள். நோவு தெரிந்திருக்காது என்றார்கள். அவர் தலையாட்டினார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும், மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அவளுடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனம் எல்லாம் போனபிறகு, லவாலில் இருக்கும் மகள் ஆர்த்திகா ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியை ஒதுக்கினாள்.

“அப்பா, இந்தத் தகரம் என்ன?”

“அம்மா கேட்டவா. எண்ணெய் முடிஞ்சுபோச்செண்டு.”

ஆர்த்திகா ஒரு அலுமாரிக் கதவைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. “முடியேல்லையே. இஞ்சை உடைக்காமல் ரெண்டு போத்தில் கிடக்கு. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் கிடக்கு. அம்மா ஏன் கேட்டவா?”

அவர் அலுமாரிக்குள் பார்த்தார். களஞ்சியக்காரன் கண்ணுக்கு அது பஞ்சமில்லாத அலுமாரி. ஞானாம்பிகை மறதிக்காரியல்ல. வீட்டில் எத்தனை நெருப்புப்பெட்டி இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவள் கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு சாமான். அதை அவர் கொண்டுவரவில்லை என்பது, நிறைந்த அலுமாரிக்கு முன்னால் நின்றபோது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதைக் கொண்டுவரவில்லை என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ரொறன்ரோவுக்கு, அக்னெஸுக்கு, ரெலிபோன் எடுத்தார். பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது.

“எண்ணெயோ? ஐயோ அண்ணை, அது சூசையப்பரின்ரை எண்ணெயெல்லோ,” என்றாள் அக்னெஸ். “நான் இல்லாதபடியாலை உங்களைக் கேட்டிருக்கிறா. பொறுங்கோ, இவன் வாயிலெடுத்துப்போட்டான். பேந்து எடுக்கிறன்.”

போன் வைக்கப்பட்டது. பேரின்பநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிள்ளையாரின்ரை எண்ணெய் என்றால் என்ன? பிள்ளையாரின் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய். அம்மனின்ரை பூ என்றால் அம்மனுக்குச் சாத்தும் பூ. அப்படியானால் சூசையப்பரின்ரை எண்ணெய் என்பது சூசையப்பரின் விளக்குக்கு எண்ணெய் விடுவதாக அவள் வைத்த நேர்த்திக்கடன். சைவக் குடும்பத்தில் பிறந்து, திருமுறைக்கு அன்வயம் சொல்லக்கூடிய ஒருவருக்கு இந்த ஆறாம் வேற்றுமை ஒரு பிரச்சினையா? அவள் சூசையப்பருக்கு எண்ணெய் வாங்கச் சொல்லியிருக்கிறாள். அவர் வாங்கியும் விட்டார். கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தகரத்தை உடைக்காமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தார். துவைத்து மடித்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போகலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. மே மாதம்தான் என்றாலும் காற்றுக் கடுமையாக இருந்ததால் காற்சட்டையோடு போனார். அதுவாவது நடக்கவில்லை என்று பிறகு பலதடவை நிம்மதிப்பட்டார்.

புதன்கிழமை காலை, தகரத்தைத் துணிப்பையில் வைத்துப் பஸ் ஏறினார். பசிலிக்காவின் வாசலில் இறங்கி மேலே பார்த்தார். மலைக்கு நேராக நீண்ட படிக்கட்டு. அதில் மூன்று பாதைகள்: இரண்டு ஓரத்திலும் கல்படி, சனம் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் மரப்படி, ஆளே இல்லை. பக்கத்தில் ஓர் அறிவித்தல் இருந்தது. அதை வாசிக்க மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும், கையில் தகரம். நல்ல வழியெல்லாம் சும்மா கிடக்க இந்தச் சனம் ஓரத்தில் நெரிபடுகிறதே என்று மனதுக்குள் இரங்கிக்கொண்டு, நடுப்படியில் ஏறினார்.

பாதியில் ஒரு கிழவியைக் கடந்தார். அவள் மரப்படியில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாவம், மூச்சு வாங்கி இருந்துவிட்டாள் என்று நினைத்தார். அவருடைய சப்பாத்துச் சத்தத்துக்கு அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஆ ழெனூ, முசியூ,” என்றாள். மறுபடியும், சற்றுக் கடுமையாக, “ஆ ழெனூ.”

ழெனூ என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். முழங்கால். பிரெஞ்சில் அவர் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட சில சொற்களில் அதுவும் ஒன்று. கிளினிக்கில் தாதி ஒவ்வொரு முறையும் கேட்பாள். முன்பின் அறியாத ஒருத்தி தன் முழங்காலை விசாரிக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

“மேர்சி, மடாம்,” என்று நன்றி சொல்லி வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். “சா வா மியூ.” இப்போது சுகம்.

கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் படி முழங்காலில் செபித்து ஏறுகிறவர்களுக்கு மட்டுமானது என்பது, மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. கீழிருந்து இன்னும் இரண்டு பேர் முழங்காலில் வந்துகொண்டிருந்தார்கள். தகரத்தோடு நடந்து ஏறியவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் முழங்காலைப் பற்றி அவர் சொன்னது முழுக்கப் பொய்யல்ல. சில வருடங்களுக்கு முன் அந்தக் கால் அவரை நடக்கவிடாமல் படுத்தியது. டொக்டர் ஊசி என்றார், சத்திரசிகிச்சை என்றார். பேரின்பநாதன் இரண்டையும் மறுத்து, ஊரிலிருந்து வந்த ஒரு போத்தில் இணுவில் தைலத்தையும் தன் மனவுறுதியையும் நம்பினார். ஞானாம்பிகை பின்னேரத்தில் தைலத்தைப் பூசித் தேய்த்துவிடுவாள். அவர் காலையில் நடப்பார். கால் சுகமாகியது. அதற்குப் பிறகு மூத்தோர் சங்கத்தில் ‘முழங்காலும் முயற்சியும்’ என்ற தலைப்பில் ஓர் உரையே ஆற்றினார். சுதேச வைத்தியத்தின் சிறப்பு, அளவோடு பூசினால் ஒரு சிறு போத்தில் வருடக்கணக்கில் வரும் என்பதையெல்லாம் விளக்கினார். சங்கத்தில் அருமைராசா என்றொருவர், இவருடைய பேச்சைக் கேட்டு இணுவிலில் இருந்து அரை டசின் போத்தில் எடுப்பித்தார்.

“உம்மடை தைலம் எனக்கொண்டும் செய்யேல்லை காணும்,” என்று அருமைராசா வந்து முறைப்பட்டபோது, “உமக்கு ஒழுக்கம் காணாது” என்று திருப்பி அனுப்பினார்.

ஞானாம்பிகை போனபின் அவரே பூசினார். வருடக்கணக்கில் குறையாத போத்தில் மளமளவென்று குறைந்தது. கால் மறுபடி நோகத் தொடங்கியது. துக்கம் மூட்டுக்குள் இறங்கும் என்று எங்கோ வாசித்திருந்தார். அதுதான் என்று தீர்மானித்துக்கொண்டார்.

மேலே, பசிலிக்காவின் வாசலில் காவலாளி மறித்தார். நரைத்த தாடி வைத்த பெரிய உருவம். பைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஆயிரக்கணக்கில் மெழுகுதிரி எரியும் மண்டபம். வெளியே ஒரு தகரம் எண்ணெயோடு கிழவர்.

“என்ன இது?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“லுயீல்,” என்றார் பேரின்பநாதன். எண்ணெய். பிறகு கையால் விளக்குக்கு ஊற்றுவதுபோலச் செய்து காட்டி, “பூர் சென் ழோசெஃப்.” சூசையப்பருக்கு.

ஊற்றுவதாக அவர் காட்டிய கை, தற்செயலாக மெழுகுதிரிப் பக்கமாகப் போனது. காவலாளி பையை மெதுவாக ஆனால் உறுதியாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேரின்பநாதன் தன் பக்கம் இழுத்தார். மனைவி, செத்துப்போனாள், நேர்த்தி என்பதையெல்லாம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். அதில் ‘மனைவி’ மட்டும்தான் சரியாக வந்தது. காவலாளியின் முகம் இளகியது. பையை விட்டுவிட்டு, அவர் தோளில் கைவைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“முசியூ. லுயீல். செ தான் பா.” விரலால் நிலத்தைக் காட்டினார். “ஆன் பா.”

எண்ணெய் கீழே இருக்கிறது. கீழே கடையில் வைத்திருக்கிறார்கள்.

பேரின்பநாதன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலை ஏறிப்போடாதேங்கோ, காலுக்குக் கூடாது. கீழையே வைச்சிருக்கினம். கண் டொக்டரிட்டைத்தானே போறியள்? குயின் மேரி வீதி. வீதியைக் கடந்தால் வாசல். அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். கடைக்காரன் தட்டு ஒன்று அவர் மண்டைக்குள் குறுக்கே நின்றிருக்கிறது.

“அண்ணை? நீங்களோ?”

மெழுகுதிரி மண்டபத்திலிருந்து அக்னெஸ் வந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் இரவுதான் ரொறன்ரோவிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவள் அவரைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“சூசையப்பரின்ரை எண்ணெய்,” என்றார். வேறென்ன சொல்ல முடியும். “நீங்கள்தானே சொன்னியள்.”

அக்னெஸ் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று காவலாளி சற்றுக் கவலையோடு பார்த்தார். இரண்டும் செய்தாள்.

“நாங்கள் அவருக்குக் குடுக்கிறேல்லை அண்ணை. அவர் எங்களுக்குத் தாறவர். அவரின்ரை சிலைக்கு முன்னாலை விளக்கிலை இருந்த எண்ணெயைச் சின்னப் போத்திலிலை விட்டு வைச்சிருப்பினம். நோவிருக்கிற இடத்திலை பூசுறது.”

“ஞானத்துக்கு எங்கை நோவு?” அவர் குரல் மாறியது. “எனக்கொண்டும் சொல்லேல்லையே.”

“அவவுக்கில்லை.” அக்னெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய வலது காலைப் பார்த்தாள். “உங்களுக்கு.”

“எனக்கு இணுவில் தைலமெல்லோ.”

“இணுவில் தைலம் முடிஞ்சு எவ்வளவு காலம் அண்ணை. வாற புதன், போற புதன், அந்தப் போத்திலுக்கை சூசையப்பர்தான்.” அவளால் நிறுத்த முடியவில்லை. “நிறம் காணாதெண்டு கொஞ்சம் மஞ்சளும் போடுவா. மணத்துக்குக் கற்பூரம். ‘தெரிஞ்சால் காலை வெட்டி எறிஞ்சுபோடுவர்’ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நீங்கள் சங்கத்திலை பேசினியளே, நாங்கள் ரெண்டுபேரும் பின்வரிசையிலை இருந்து...”

பேரின்பநாதன் சுவரோரம் இருந்த வாங்கில் போய் இருந்தார். எதிரே சுவர் முழுக்க ஊன்றுகோல்கள். சுகமாகிப் போனவர்கள் விட்டுச் சென்றவை. நீளமானவை பின்னுக்கு, கட்டையானவை முன்னுக்கு என்று அடுக்கியிருந்தார்கள். அந்தக் குழப்பத்திலும் அடுக்கு நன்றாயிருக்கிறது என்று பார்த்தார். முழங்காலும் முயற்சியும். மனவுறுதி. அருமைராசாவின் ஒழுக்கம். ஞாபகத்துக்கு வர வர, ஒவ்வொன்றும் அந்தச் சுவரில் போய்த் தொங்கியது.

அக்னெஸ் பக்கத்தில் வந்து இருந்தாள். தகரப் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அண்டைக்குக் காலமை எனக்குப் போன் எடுத்தவா. ‘அக்னெஸ், இவர் போறாராம். சூசையப்பரிட்டை. ஒரு நக்கல் கதையும் இல்லாமல் ஓம் எண்டிட்டார்’ எண்டு. எத்தினை சந்தோசம் தெரியுமே. உங்களை ஆர் மாத்தினதெண்டு ரெண்டுபேரும் யோசிச்சுப் பாத்தம்.”

அவருக்கு, வீதியின் மறுபக்கத்தில் நின்று சிரித்த அந்தக் கோணல் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த நேரம் அவள் வீட்டில் தேத்தண்ணியை மூடி வைத்துக்கொண்டு, தன் புருஷன் பசிலிக்காவுக்குள் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நான் போகேல்லை, அக்னெஸ்.”

“தெரியும். தகரத்தைக் கண்டவுடனை விளங்கிட்டுது.”

“விக்டோரியாவிலை, கீழ்த்தட்டிலை...”

“விளங்கிட்டுது அண்ணை. எழும்புங்கோ. இப்ப வந்திட்டியள்தானே.”

கீழே இறங்கினார்கள். பஸ் ஒன்று மேலேயிருந்து கீழ்வாசலுக்கு முதியவர்களை ஏற்றி இறக்குகிறது என்று அக்னெஸ் அப்போதுதான் சொன்னாள். ஞானாம்பிகை அதில்தான் வந்துபோவாளாம். கடையில் போத்தில்கள் வரிசையாக நின்றன. உள்ளங்கையில் மறையக்கூடிய சின்னப் போத்தில். தண்ணீர்போல எண்ணெய், மணமில்லை, நிறமில்லை. பேரின்பநாதன் ஒன்றை எடுத்தார். கடைப்பெண் பைக்குள் இருந்த தகரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, போத்திலையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை மேர்சி சொன்னார்.

“தகரத்தை என்ன செய்யப்போறியள்?” என்று பஸ் தரிப்பில் அக்னெஸ் கேட்டாள்.

“சமைக்கிறதுதான்.”

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுமோ?”

தெரியும் என்று சொல்ல வாய் திறந்தார். பிறகு, “தெரியாது” என்றார். அது சொல்வதற்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சின்னப் போத்திலைச் சாப்பாட்டு மேசையில், அவளுடைய பக்கத்தில், சிறிது நேரம் வைத்தார். கேட்ட சாமான் வந்துவிட்டது. பிறகு அலுமாரியில் மஞ்சளைத் தேடி எடுத்தார். கற்பூரம் சாமிப்படத்தட்டில் இருந்தது. தைலப் போத்திலின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அவள் கடைசியாகக் கலந்து வைத்தது. அதைக் கொட்டவில்லை. அதன்மேலேயே புது எண்ணெயை ஊற்றினார். போத்திலின் வாய் ஒடுக்கம், பாதி மேசையில் சிந்தியது. மஞ்சள் கூடிப்போயிற்று. கற்பூரம் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு துண்டை நுள்ளிப் போட்டுக் குலுக்கினார்.

காற்சட்டையை மடித்து, வலது முழங்காலில் பூசித் தேய்த்தார். தகரத்தோடு மலையேறிய கால், நல்ல நோவு. கைவிரலெல்லாம் மஞ்சளாகியது. சிந்தியதைத் துடைத்து, போத்திலை மூடி, அவள் வழக்கமாக வைக்கும் யன்னலோரத்தில் வைத்தார்.

போத்திலின்மேல் எண்ணெய் வழிந்து எழுத்து கொஞ்சம் மங்கிவிட்டது. என்றாலும் வாசிக்கலாம். லேபலில் இன்னும் இணுவில் என்றுதான் இருக்கிறது.